ஜெனரலின் இடது தோள்

முதலில் வந்தது மணம். பூச்சி உருண்டையும் பழைய புகையிலையும் கலந்த மணம். கோட்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

சுவிஸில், பீல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கிற பகுதியில், இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். மெஷின்களைப் பார்த்தவள் றீற்றா. மன்னார்க்காரி, வாய்க்காரி. தையல் மேசை என்னுடையது. பொத்தான் தெறித்தால், சிப் உடைந்தால், வயது போய் ஆள் சுருங்கிக் காற்சட்டை பெருத்தால், எல்லாம் என்னிடம் வரும்.

அறையின் ஜன்னல் கூரையோடு ஒட்டி இருந்தது. அதனால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். சப்பாத்தைப் பார்த்தே மழை வருமா வராதா என்று றீற்றா சொல்லுவாள். பாதி நாள் பிழைக்கும்.

போன கிழமை நான் எழுதிய பஸ் கதையை வாசித்துவிட்டு ஊஸ்டரிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். "ஐயா, எல்லாம் சரி, யுத்தக் கதை ஒண்டும் உங்களிட்ட இல்லையோ?" என்று கேட்டார். இருக்கிறது தம்பி. ஆனால் எங்களுடைய யுத்தம் இல்லை. ஒரு கிரேக்க ஜெனரலின் யுத்தம். அவரை நான் கண்டதில்லை. அவருடைய கோட்டைத்தான் கண்டேன். கண்டதோடு நிற்காமல் கையும் வைத்தேன். அதுதான் கதை.

எழுதினேன் என்று சொல்வதும் சரியில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இடையில் அவள் மேசையில் விரலால் தட்டினால், "அப்பா, விஷயத்துக்கு வாங்கோ" என்று அர்த்தம். இப்போது தட்டுகிறாள்.

குத்தியிருந்த கடுதாசி

தடித்த கம்பளித் துணி. காய்ந்த புல்லின் நிறம். கழுத்துப் பட்டி சிவப்பு. பித்தளைப் பொத்தான்களில் சின்னச் சின்னக் கிரீடம். இரண்டு தோளிலும் தங்க இழையில் பின்னிய பட்டி, அதில் நட்சத்திரம். பதவியைக் காட்டுவதற்குப் பட்டாளத்துக்காரர் தோளில் வைப்பார்களே, அந்தப் பட்டிதான்.

ஆனால் பட்டி இரண்டும் தோளில் இருக்கவில்லை. பாதிக்கு மேல் அறுந்து, பக்கத்துக்கு இரண்டு நூலில், பருந்து தூக்கிய ஓணான் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. முன்பக்கத்தில் ஒரு கடுதாசி குத்தியிருந்தது.

"றீற்றா, இதில என்ன எழுதிக் கிடக்கு?"

"பிரெஞ்சு அண்ணை. எனக்கு டொச் பாஷையே அரைகுறை. 214 எண்டது மட்டும் விளங்குது."

214 மதாம் எலெனியின் அறை. தொண்ணூறைத் தொடப்போகிற மனுஷி. எப்போதும் முத்துமாலை போட்டுக்கொண்டுதான் சாப்பாட்டுக்கு வருவா. அவவின் பாவாடைகள் இரண்டை நான் கட்டையாக்கிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான் பழக்கம்.

எங்கள் இடத்தில் உடுப்பில் கடுதாசி குத்தி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தைக்க வேண்டும். அத்தனை வருடத்தில் தைக்காதே என்று ஒரு கடுதாசியும் வந்ததில்லை. அதனால் வாசிப்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு தெரிந்தது, அதில் எழுதியிருந்தது இதுதான்: 'தூசி மட்டும் தட்டவும். வேறு எதையும் தொட வேண்டாம்.'

தொங்கிய அந்த இரண்டு பட்டியும்தான், தன் தகப்பனுக்கு நடந்த அநியாயத்துக்கு அந்த மனுஷி காத்து வைத்திருந்த ஒரே சாட்சி. அதை வாங்கிப்போக அடுத்தநாள் பதினொரு மணிக்கு ஏதென்ஸிலிருந்து ஆள் வருகிறார். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

காக்கிச் சட்டையும் ஒரு சார்ஜன்ட்டும்

தோள் பட்டி எனக்குப் புதிதில்லை. ஊரில் என் தையல் கடை பொலிஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. காக்கிச் சட்டைக்குப் பட்டி வைத்துத்தான் நான் கல்யாணம் கட்டினேன்.

ஒருநாள் ஒரு சார்ஜன்ட் கடைக்கு வந்தார். வாயில் புகார், கண்ணில் வெட்கம். பதவியைக் குறைத்துவிட்டார்கள். கையில் இருந்த கோடுகளில் ஒன்றைப் பிரிக்க வேண்டும். "பிரிச்ச அடையாளம் தெரியக்கூடாது ராசா" என்றார்.

எப்படித் தெரியாமல் இருக்கும்? காக்கி தோய்க்கத் தோய்க்க வெளிறும். கோடு இருந்த இடம் மட்டும் புதுத் துணி மாதிரி அப்படியே நிற்கும். பிரித்தபிறகு ரோட்டில் நிற்கிறவனுக்கும் தெரிந்தது, இந்த மனிதரிடம் இருந்து ஏதோ எடுத்திருக்கிறார்கள் என்று.

அவர் ஆறு மாதம் முழுக்கைச் சட்டையை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். கோடு திரும்பக் கிடைத்ததும் முதலில் ஓடி வந்தது வீட்டுக்கு இல்லை, என் கடைக்கு. நான் ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் மூன்று தடவை நேரம் கேட்டார்.

அதனால் அந்தக் கோட்டைக் கண்டதும் எனக்கு அவருடைய நினைவுதான் வந்தது. யாரோ ஒரு பெரிய மனிதரின் தோள் இப்படிக் கிடக்கலாமா என்று மனம் பொறுக்கவில்லை.

நல்ல தடித்த நூலாகத் தேடி எடுத்தேன். தேன்மெழுகில் இழுத்தேன். தொங்கிய பழைய நூல் நான்கையும் வெட்டினேன். வெட்டிய நூலை நான் நிலத்தில் போடுவதில்லை. காலில் சுற்றி மெஷினுக்குள் போகும் என்று பழகிய பழக்கம், குண்டூசி மெத்தையில் குத்தி வைத்துவிடுவேன். பிறகு பட்டிகளைப் பொருத்தி, பின்தையல் போட்டு, அதன் மேல் இன்னொரு வரிசையும் ஓடினேன். நான் தைத்தால் துணி கிழியும், தையல் கிழியாது. பொய்யில்லை, இங்கே திரிம்பாக்கில் இருக்கிற எங்கள் ஆட்களின் கோயில் தேர்ச்சீலைக்கு விளிம்பு அடித்தவன் நான்.

கடைசியில் இன்னொரு வேலையும் பார்த்தேன். எங்கள் இல்லத்துக்கு வருகிற எந்த உடுப்பும் பெயர்த் துண்டு இல்லாமல் மேலே போகக்கூடாது. அது சட்டம். 'எலெனி, 214' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டைக் கழுத்துக்குள் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் பத்து எண்ணும்வரை அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது.

"எப்பிடி?" என்றேன்.

றீற்றா தள்ளி நின்று பார்த்தாள். "இப்பதான் அண்ணை ஆள் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

றோலாட்டரில் வந்த படை

கோட்டு மேலே போய் அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. லிப்ட் கதவு திறந்தது. றோலாட்டரை, வயதானவர்கள் பிடித்து நடக்கிற நான்கு சில்லுத் தள்ளுவண்டியை, தள்ளிக்கொண்டு மதாம் எலெனி வந்தா. வண்டிக் கூடையில் கோட்டு. முத்துமாலை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

நாங்கள் கதைத்தது பாதி டொச், அதாவது ஜெர்மன், கால்வாசி பிரெஞ்சு, மிச்சம் கை. அதை எங்களுடைய தமிழிலேயே சொல்கிறேன். முசியே ராசா என்று வந்தால் அது திரு ராசா, நான்தான்.

"ஆர் இதைச் செய்தது?"

றீற்றா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நான்தான் மதாம்."

"ஏன்?"

"அறுந்து தொங்கினது மதாம். அதுதான்..."

"அது தானாத் தொங்கேல்லை, முசியே ராசா! நாங்கள் தொங்க விட்டு வைச்சிருந்தனாங்கள். நான் பிறக்க முந்தியே தொங்கத் தொடங்கினது. எங்கட அம்மா ஒரு தையலும் போடேல்லை. நான் தொடேல்லை. நீர் ஆர் தொடுறதுக்கு?"

அவ வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தா. நான் என் கதிரையை இழுத்துக் கொடுத்தேன். இருக்கமாட்டன் என்று சொல்லிக்கொண்டே அதில் உட்கார்ந்தா. றீற்றா ஒன்றும் கேட்காமல் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள்.

"இதென்ன, மருந்தோ?"

"இஞ்சித் தேத்தண்ணி மதாம்."

ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தா. பிறகு இன்னொரு மிடறு குடித்தா. பிறகு தகப்பனின் கதையைத் தொடங்கினா.

ஜெனரல் ஏறிய படி

அவருடைய பெயர் நீளம். என் வாயில் நுழையாது. நாங்கள் அன்றிலிருந்து ஜெனரல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

மலைக் கிராமத்தில், கோவேறு கழுதையில் சுமை ஏற்றுகிறவரின் மகன். மீசை முளைக்கும் முன்னமே பட்டாளத்துக்குப் போனவர். படிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கெட்டித்தனம் இருந்தது. அணிவகுப்பில் மற்ற அதிகாரிகள் சிப்பாயின் முகத்தைப் பார்ப்பார்களாம், இவர் சப்பாத்தைப் பார்ப்பார். அடி தேய்ந்த விதத்தை வைத்தே, இந்தப் படை இன்னும் எத்தனை மைல் நடக்கும் என்று சொல்லிவிடுவார். கழுதைக்கு லாடம் பார்த்துப் பழகிய கண்.

துருக்கியோடு வடக்கே சண்டை வந்தபோது அந்தக் கண் வேலை செய்தது. மற்றப் படைகள் சேற்றில் நொண்டிக்கொண்டு நிற்க, இவருடைய ஆட்கள் மழைக்குள் நடந்துபோய் ஒரு பட்டணத்துக்குள் முதல் ஆளாகக் காலை வைத்தார்கள். கேர்ணல் ஆனார்.

"பிறகு?" என்றாள் றீற்றா. மெஷின் நின்று சிவப்பு லைட் எரிந்தது. அவள் கவனிக்கவில்லை.

பிறகு உலகம் முழுக்கப் பெரிய யுத்தம். சேருவோம் என்றார் பிரதம மந்திரி. வேண்டாம் என்றார் அந்த நாட்டு ராசா. நாடு இரண்டாகப் பிரிந்தது. தேத்தண்ணிக் கடைகூட ராசா பக்கக் கடை, மந்திரி பக்கக் கடை என்று ஆனதாம்.

"எங்கட சங்கத் தேர்தல் மாதிரி" என்றாள் றீற்றா.

ஜெனரல் தனக்கு அரசியல் தெரியாது என்றார். சத்தியம் செய்தது ராசாவுக்கு, அவ்வளவுதான். மந்திரி பக்கம் வென்றது. இவரை வேலையிலிருந்து நிற்பாட்டி ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் ஆடுகளின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராசா திரும்பி வந்தார். இவரையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு இந்தப் பட்டியைத் தோளில் வைத்தார்கள். ஜெனரல்.

நான் சிரித்துவிட்டேன். அந்த நேரத்தில் சிரிக்கக்கூடாதுதான். என்னுடைய பெர்மிட், அகதிக்கு இங்கே எழுத்துப் போட்டுத் தருகிற வதிவிட அனுமதி, நினைவுக்கு வந்தது. முதலில் N எழுத்து, பிறகு F எழுத்து, நடுவில் நாட்டைவிட்டுப் போ என்று ஒரு கடிதம், பிறகு பொறு என்று இன்னொரு கடிதம், கடைசியில் B, தங்கலாம். மஞ்சள் மோட்டார் சைக்கிளில் தபால்காரன் வருகிற சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடிய காலம். ஜெனரலுக்கும் அப்படித்தான் போல, ஆள் மாறினால் எழுத்து மாறும்.

"என்ன சிரிப்பு?" என்றா மதாம். சொன்னேன். அவ சிரிக்கவில்லை. ஆனால் கோப்பையை நீட்டினா. றீற்றா இன்னும் ஊற்றினாள்.

கட்டளைக்கு ஒரு நாள் முந்தி

ஜெனரலைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். துருக்கியின் உள்நாடு. உப்பு வெளி. தண்ணி இல்லை. இன்னும் போ, இன்னும் போ என்று மேலிடம். இவர் தன் படையின் சப்பாத்தைப் பார்த்தார். அடி இல்லை. சிலர் காலில் சாக்குத் துணி. 'இதற்கு மேல் போனால் திரும்ப மாட்டார்கள்' என்று எழுதி அனுப்பினார். பதில் இல்லை. திரும்ப எழுதினார். பதில் இல்லை.

முன்வரிசை உடைந்தபோது, பின்வாங்கு என்ற கட்டளை வருவதற்கு ஒரு நாள் முந்தி, அவர் தன் ஆட்களைத் திருப்பிவிட்டார். கடற்கரைக்கு நடத்திக்கொண்டு வந்து கப்பலில் ஏற்றினார். கட்டளைக்காகக் காத்து நின்ற பக்கத்துப் படை வரவே இல்லை.

தோற்ற யுத்தத்துக்கு ஒருவரைக் குற்றம் சாட்ட வேண்டும்தானே. புதிதாக ஆட்சியைப் பிடித்த அதிகாரிகள் விசாரணை வைத்தார்கள். 'கட்டளை இல்லாமல் ஏன் திரும்பினாய்?' என்று கேட்டார்கள். 'சப்பாத்து முடிஞ்சுது' என்றார். கோழை என்று எழுதிவிட்டார்கள்.

படை முகாமின் முற்றத்தில் அவரை நிறுத்தி, எல்லோருக்கும் முன்னால் தோள் பட்டியை அறுக்கச் சொன்னார்கள். அறுக்க வந்தவன் ஒரு லெப்டினன்ட். இவரோடு கடற்கரைக்கு நடந்து உயிர் தப்பியவர்களில் ஒருவன். வலது தோளில் பாதி வெட்டினான். இடது தோளில் பாதி வெட்டினான். அதற்கு மேல் கத்தி ஓடவில்லை.

"போதும் மகனே. மிச்சம் தானா விழும்" என்றாராம் ஜெனரல்.

விழவில்லை.

நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். சுவிஸுக்கு வந்தார். பீலில் ஒரு மணிக்கூட்டுப் பட்டறைக்காரரின் மகளைக் கட்டினார். மாமனாரின் பட்டறையிலேயே இருந்து மணிக்கூட்டுக்கு முள் பொருத்தினார். ஒரு ஜெனரல், கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, மயிர் மாதிரி முள்ளை இடுக்கியால் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டு எங்கள் ஆட்கள் ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். ஊரில் தலைமை ஆசிரியராக இருந்த ஒருவரோடு நான் இங்கே சட்டி கழுவியிருக்கிறேன்.

வயதுபோன நேரத்தில் பிறந்த ஒரே பிள்ளை எலெனி. இதற்கிடையில் அங்கே ராசா திரும்பவும் வந்தார். தண்டிக்கப்பட்ட அதிகாரிகள் மனுப் போட்டால் பதவியைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். நிறையப் பேர் போட்டார்கள். ஜெனரல் போடவில்லை. "பிழை விட்டது அவை. மனுப் போடுறது நானோ?" என்றார். மனைவி ஊசியோடு வந்தபோதும் விடவில்லை. "வெட்டினது ஒரு லெப்டினன்ட். அவை ஒரு லெப்டினன்டை அனுப்பித் தைக்கட்டும். அதுவரைக்கும் தொங்கட்டும்."

அவர் போய்விட்டார். மகள் கடிதம் எழுதத் தொடங்கினா. வருடக்கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: பரிசீலிக்கிறோம். கடைசியில் அங்கே ஒரு சின்ன மியூசியம், கோட்டைத் தாருங்கள், வைக்கிறோம் என்றது. இவ ஒரு நிபந்தனை போட்டா: பட்டி தொங்கியபடியே வைக்க வேண்டும். பார்க்கிறவன் ஒவ்வொருவனும், இது ஏன் இப்படித் தொங்குகிறது என்று கேட்க வேண்டும்.

"நாளைக்கு வருகினம்" என்றா. "நான் என்னத்தைக் காட்டுறது? இந்த அழகான தையலையோ?"

ஒரு குடும்பம் இத்தனை காலமாகத் திறந்து வைத்திருந்த வாயை நான் இரட்டைத் தையல் போட்டு மூடிவிட்டேன். அந்த நேரம் எனக்கு விளங்கியது அதுதான்.

"இப்பவே பிரிச்சுத் தாறன் மதாம்."

"இண்டைக்கு என்னால பார்க்க ஏலாது. காலமை ஏழு மணிக்கு மேல வாரும்."

எந்தத் தோளை முதலில்

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே 214இன் கதவைத் தட்டினேன். கையில் தையல் பிரிக்கிற பிளேட், ஊசி, முந்தின நாள் வெட்டிய நான்கு பழைய நூல். பட்டு நூல், பல்லின் நிறத்துக்கு மஞ்சளித்துப்போய் இருந்தது. குண்டூசி மெத்தையிலிருந்து பத்திரமாக எடுத்துக் கடுதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தேன்.

கோட்டை அவ கதிரையின் முதுகில் போட்டு ஜன்னல் பக்கம் வைத்திருந்தா. தான் எதிரே கட்டிலில் இருந்தா. படுக்கை விரிப்பு கசங்கவே இல்லை.

"முசியே ராசா, உம்மை நான் பேசினது சரி. அதை நான் திருப்பி எடுக்கமாட்டன்."

"ஓம் மதாம்."

"ஆனா ஒண்டு சொல்லோணும். பிறந்த நாளில இருந்து இந்தக் கோட்டை நான் பார்க்கிறன். ஒருநாளும் இது நேரா நிண்டதில்லை. நேற்றுப் பின்னேரம் கதிரையில போட்டிட்டுத் திரும்பினன். அப்பா இருந்தார். மணிக்கூட்டு முள் வைக்கிற அப்பா இல்லை. ஜெனரல். நான் அவரை அப்பிடிக் கண்டதே இல்லை."

நான் பிளேட்டைக் கைக்குள் மறைத்தேன்.

"அப்ப பிரிக்க வேண்டாமோ?"

"பிரிச்சா, நானே அவரைக் கொண்டுபோய் அந்த முற்றத்தில திரும்ப நிப்பாட்டின மாதிரி. பிரிக்காட்டி, அவை ஒண்டும் செய்யேல்லை எண்ட மாதிரி. நீர் சொல்லும், என்ன செய்ய?"

எனக்கு என்ன தெரியும்? படித்த ஆளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். தையல்காரனுக்கு வருகிற கேள்விதான் எனக்கு வந்தது.

"எந்தத் தோளை மதாம் முதல் பிரிக்க?"

இரண்டு தோளையும் மாறி மாறிப் பார்த்தா. "வலது" என்றா.

குனிந்து பிரித்தேன். ஊர் உலகத்தில் இல்லாத பலமாகத் தைத்துவிட்டு, அதை ஒவ்வொரு இழையாக வெட்டி எடுக்கிற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். பட்டி விழுந்தது. பழைய நூலில் ஒன்றை ஊசியில் கோத்தேன். ஒரு விரல் நீளம், ஒரு தையலுக்குத்தான் வரும். பழைய துளையைத் தேடிப் போட்டேன். நான்கு நூலும் அந்த ஒரு தோளுக்கே போயின. பட்டி முன்போலத் தொங்கியது.

பிளேட்டை இடது தோளுக்குக் கொண்டுபோனேன். அவவின் கை வந்து பட்டியின் மேல் விழுந்தது. நரம்பு எழும்பிய கை.

"இது நிக்கட்டும்" என்றா.

மெலிந்த மனிதர்

பதினொரு மணிக்கு ஆள் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், வெள்ளைக் கையுறை, பெட்டி நிறைய மெல்லிய கடுதாசி. றீற்றாவும் நானும் துணி கொண்டுபோகிற சாட்டில் வாசலில் நின்றோம்.

அவர் வலது தோளைப் பார்த்துத் தலையாட்டினார். இடது தோளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மதாம், இது புதுத் தையல்."

"ஓம்."

"இருந்தபடியே தருவதாகத்தானே..."

"இப்ப இருக்கிறபடி இதுதான். இடது தோளைப் பீல் தைச்சிட்டுது. வலது தோளை நீங்கள்தான் தைக்கோணும். கடிதம் வந்தபிறகு. அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

மனிதர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு மடிப்பதற்காகக் கோட்டின் கழுத்துப் பட்டியைத் திருப்பினார். 'எலெனி, 214.' மறந்தே போய்விட்டேன்! அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சூட்டில் ஒட்டியது, வருமா?

"இதை எங்கள் ஆட்களைக் கொண்டு எடுப்பிக்கலாம்" என்றார்.

அந்த மனுஷி அப்போதுதான் சிரித்தா. அத்தனை வருடத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு. "விடுங்கோ. துலைஞ்சா எங்க திருப்பிக் கொண்டு வரோணும் எண்டு தெரியும்."

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். தைத்தவர் யார், பெயர், பதவி என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். பதவிக்கு என்ன சொல்வது? தையல் என்று சொல்ல வாயெடுக்க, மதாம் பேனையை அவர் கையிலிருந்து வாங்கித் தானே எழுதினா. அவர் வாசித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் காலில் தோய்க்கிற பகுதியின் பிளாஸ்டிக் செருப்பு.

"என்ன மதாம் எழுதினீங்கள்?" என்றாள் றீற்றா. அவளுக்குப் பொறுக்காது.

"லெப்டினன்ட்" என்றா. "அப்பா அப்பிடித்தானே சொன்னவர்."

லிப்டில் இறங்கும்போது றீற்றா என்னைப் பார்க்கவே இல்லை. கீழே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தாள். "அண்ணை, இனிமேல் நான் சல்யூட் அடிச்சிட்டோ துவாய் மடிக்கிறது?"

நூல்

சில மாதம் கழித்து மியூசியத்திலிருந்து ஒரு படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கோட்டு நிற்கிறது. இடது பக்கம் நேராக, வலது பக்கம் தொங்கலாக. கீழே ஒரு பலகை. மதாம் எங்களைக் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினா.

"பேருக்கு முன்னால பாருங்கோ. ஜெனரல் எண்டு கிடக்கு. முன்னாள் எண்டு போடேல்லை. நீக்கப்பட்ட எண்டும் போடேல்லை."

"அப்ப சரி வந்திட்டுதோ மதாம்?" என்றேன்.

"ஒரு தோளுக்கு வந்திட்டுது" என்றா.

மற்றத் தோளுக்கான கடிதம் அவ இருக்கும்வரை வரவில்லை. அடுத்த மாரியில் அவ போய்விட்டா. 214க்கு வேறு ஆள் வந்தார். அவருடைய காற்சட்டைகளையும் நான்தான் கட்டையாக்கினேன். பிறகு எனக்கும் பென்சன் வந்தது. கிரேக்கப் பட்டாளத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

போன வருடம் மகள் குடும்பத்தோடு ஏதென்ஸுக்குப் போனாள். அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று போன் எடுத்தாள். ஒரு கிழவர் காவல்காரரிடம் கையைக் காட்டி ஏதோ கேட்கிறாராம். "என்னப்பா கேட்கிறார் எண்டு விளங்கேல்லை. ஆனா வலது பக்கத்தைத்தான் காட்டுறார்" என்றாள். எனக்கு விளங்கியது.

மதாம் கடைசியாக என்னிடம் சொன்னது, இடது தோளைத் தைத்த அந்த நூற்கட்டையை எறிய வேண்டாம் என்பது. எறியவில்லை. வேலையை விட்டு வரும்போது தேன்மெழுகோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன்.

இதைச் சொன்னதும் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு எழும்பிப் போனாள். அலுமாரிக்கு மேலிருந்து டப்பாவை இறக்கித் திறந்து பார்த்தாள். "இதில கொஞ்சம்தானேப்பா கிடக்கு" என்றாள்.

கொஞ்சம்தான். ஒரு தோளுக்குப் போதும்.